கேமரா கண்டதும் கண் காணாததும்: கோல்ஃப் திடலில் யார் நடுவர்?

2025 ஜூலை மாதம் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் திடலில் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. இரண்டாம் நாள் ஆட்டத்தில் அயர்லாந்து வீரர் ஷேன் லோரி 12ஆவது குழியில் புல் அடர்ந்த இடத்தில் கிடந்த பந்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி வீச்சு வீசினார். பிறகு பந்தை அடித்தார், நடந்தார். மூன்று குழிகள் தள்ளி, 15ஆவது குழியில் விளையாடிக்கொண்டிருந்தபோது விதிமுறை அதிகாரி ஒருவர் அவரிடம் வந்து, அந்தப் பயிற்சி வீச்சில் பந்து அசைந்திருக்கலாம், கேமராவில் அப்படித் தெரிகிறது என்றார்.

ஆட்டம் முடிந்ததும் காணொளியைப் பார்த்தார்கள். பந்து அசைந்திருந்தது. தண்டனை இரண்டு அடிகள். 70 என்று முடிந்திருக்க வேண்டிய அவரது கணக்கு 72 ஆனது. பந்து அசைந்ததைத் தாம் பார்க்கவில்லை என்று லோரி கடைசிவரை சொன்னார். இருந்தும் தண்டனையை ஏற்றுக்கொண்டார். மறுத்தால் தம் பெயர் ஊரெல்லாம் அடிபடும், அது வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். 2019இல் இதே திடலில் இதே கிண்ணத்தை வென்றவர் அவர்.

பூப்பந்து, ஹாக்கி, காற்பந்து பார்த்துப் பழகிய நமக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பூப்பந்தில் திரையைப் பார்க்கிறார்கள். காற்பந்தில் விஏஆர் வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. கோல்ஃப் மட்டும் ஏன் கேமராவைக் கண்டால் இவ்வளவு தடுமாறுகிறது?

காரணம் எளிது. மற்ற விளையாட்டுகளில் நடுவர் ஒருவர் இருக்கிறார், கேமரா அவருக்குத் துணை. கோல்ஃபில் ஆட்டக்காரரே தமக்கு நடுவர். தம் பந்து அசைந்தால் தாமே சொல்ல வேண்டும், தண்டனை அடியைத் தாமே கணக்கில் சேர்க்க வேண்டும், கடைசியில் அட்டையில் கையெழுத்திட வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் வேறு யாரும் பார்க்காத ஓர் அசைவுக்காகத் தம் மீதே ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார். கணக்கு சமனாகிப் பிளேஆஃப் வரை போய்த் தோற்றார். அந்த ஓர் அடி இல்லையென்றால் பிளேஆஃபுக்கே வேலை இருந்திருக்காது. இந்த விளையாட்டு தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இதுதான்.

அப்படிப்பட்ட திடலில் கேமராவை நிறுத்தினால், அது நடுவருக்குத் துணையாக நிற்காது. ஆட்டக்காரரின் மனசாட்சிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

படம் சாட்சி சொன்ன முதல் பெரிய வழக்குகளில் ஒன்று 1957இல் நடந்தது. மலாயா சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் தென்னாப்பிரிக்க வீரர் பாபி லாக் ஓப்பன் பட்டத்தை வென்றார். கடைசிக் குழியில் சக ஆட்டக்காரரின் வழியில் இருந்த தம் பந்தின் அடையாளத்தை அவர் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்ப எடுத்து வைக்கும்போது பழைய இடத்துக்குக் கொண்டுபோக மறந்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. பிறகு திரையரங்குகளுக்காக எடுத்த செய்திப் படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது.

விதிப்படி பார்த்தால் பட்டம் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் மூன்று அடி முன்னிலையில் இருந்தார், தவறால் எந்த லாபமும் அடையவில்லை என்று சொல்லி நிர்வாகம் வெற்றியை அப்படியே விட்டது. படம் உண்மையைச் சொன்னது. மனிதர்கள் நிதானத்தைச் சேர்த்தார்கள்.

1968 மாஸ்டர்ஸில் நடந்தது இதற்கு நேர் எதிர். அர்ஜென்டினாவின் ரோபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாளில் 17ஆவது குழியை மூன்றே அடியில் முடித்தார். திடலில் இருந்தவர்கள் பார்த்தார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் பார்த்தார்கள். அவருடைய அட்டையை எழுதிய சக ஆட்டக்காரர் தவறி நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட கணக்கே கணக்கு. ஓர் அடியில் பாப் கோல்பி வென்றார், பிளேஆஃப் வாய்ப்பும் டி விசென்சோவுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டக்காரருக்கு ஆதரவாகக் கேமரா சாட்சி சொன்ன அன்று அந்தச் சாட்சிக்கு மதிப்பில்லை. எதிராகச் சொல்லத் தொடங்கியபோதுதான் மதிப்பு வந்தது. இது கோல்ஃப் நிர்வாகிகள் அவ்வளவாகப் பேச விரும்பாத வரலாறு.

1987இல் கிரேக் ஸ்டாட்லர் சான் டியேகோவில் ஒரு மரத்தடியில் மண்டியிட்டுப் பந்தை அடித்தார். கால்சட்டை அழுக்காகாமல் இருக்க முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டார். மறுநாள் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைத் திரும்பக் காட்டியபோது, துண்டு விரித்து நிற்பது விதிமீறல் என்று யாரோ தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். தண்டனை அடியைச் சேர்க்காத அட்டையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். இரண்டாம் இடத்துக்கான பரிசுப் பணம் ஒரு துண்டோடு போயிற்று.

அதன்பின் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் நடுவர் ஆனார். 2011 அபுதாபியில் பாட்ரிக் ஹாரிங்டனின் கை பட்டுப் பந்து மயிரிழை அசைந்ததை ஒரு பார்வையாளர் மின்னஞ்சலில் தெரிவித்தார், ஹாரிங்டன் நீக்கப்பட்டார். 2013 மாஸ்டர்ஸில் டைகர் வுட்ஸ் பந்தைத் தவறான இடத்தில் போட்டார் என்பதும் தொலைக்காட்சி பார்த்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிஎம்டபிள்யூ போட்டியில், மரக்கட்டையோடு கிடந்த பந்துக்கு அருகில் சுள்ளியை வுட்ஸ் விலக்கியதை ஒரு காணொளிப் பதிவாளர் கிட்டத்திலிருந்து எடுத்திருந்தார். பந்து ஆடியது, ஆனால் இடம் மாறவில்லை என்று வுட்ஸ் வாதிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அதிகாரிகள் இடம் மாறியது என்றார்கள். இரண்டு அடி.

2016இல் இரண்டு சம்பவங்கள். அமெரிக்க ஓப்பனில் டஸ்டின் ஜான்சன், தமக்குத் தண்டனை உண்டா இல்லையா என்று தெரியாமலேயே கடைசி ஏழு குழிகளை விளையாடினார். வென்றுவிட்டதால் விஷயம் அமுங்கிப்போனது. பெண்கள் ஓப்பனில் சுவீடனின் அன்னா நோர்ட்க்விஸ்ட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிளேஆஃபில் மணல் குழியிலிருந்து அடிக்கும்போது அவருடைய மட்டை பின்னால் போகையில் சில மணல் துகள்களைத் தொட்டது. துகள்கள் உருண்டது மிக நெருங்கிய உயர்தெளிவுக் காட்சியில் மட்டுமே தெரிந்தது. அவர் கடைசிக் குழியில் மூன்றாவது அடியை அடித்த பிறகுதான் தண்டனையைச் சொன்னார்கள். எதிராளி பிரிட்டனி லாங்குக்கு அவர் தமது மூன்றாவது அடியை அடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஒருவர் இருட்டில் அடித்தார், மற்றவர் வெளிச்சத்தில்.

இவை எல்லாவற்றையும் தாண்டி விதியையே மாற்ற வைத்தது 2017 ஏப்ரல் 2ஆம் தேதி. கலிஃபோர்னியாவில் நடந்த ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியின் கடைசி நாளில் லெக்சி தாம்ப்சன் முன்னிலையில் இருந்தார். 12ஆவது குழியை முடித்து நடந்து வரும்போது அதிகாரி வந்து, உங்களுக்கு நான்கு அடி தண்டனை என்றார். முந்தைய நாள் 17ஆவது குழியில், எட்டிப் பிடித்துத் தட்டிவிடும் தூரத்தில் கிடந்த பந்தை அவர் அடையாளமிட்டு எடுத்துத் திரும்ப வைத்தபோது, ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இடம் மாற்றி வைத்திருந்தார். பார்வையாளர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

தவறான இடத்திலிருந்து அடித்ததற்கு இரண்டு. அந்தத் தவறைச் சேர்க்காத அட்டையில் கையெழுத்துப் போட்டதற்கு இன்னும் இரண்டு. தாம் தவறு செய்ததே தெரியாதவர் அந்தத் தவறை எப்படி அட்டையில் எழுதுவார்? கண்ணீரைத் துடைத்துக்கொண்டே விளையாடிய தாம்ப்சன் பிளேஆஃப் வரை வந்து தென்கொரியாவின் ரியூ சோ யோனிடம் தோற்றார்.

அதே ஏப்ரல் மாதத்திலேயே விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் காணொளிச் சான்றுக்கு வரம்பு போட்டன. 2018 ஜனவரி முதல் பெரிய போட்டிகளில் பார்வையாளர்களின் தொலைபேசி, மின்னஞ்சல் புகார்களை ஏற்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக ஒளிபரப்பைப் பார்க்கவே ஓர் அதிகாரியை உட்கார வைத்தார்கள். தெரியாமல் செய்த தவறுக்கு அட்டைத் தண்டனை கூடுதலாக வராது என்றும் முடிவாயிற்று. 2019இல் திருத்தி எழுதப்பட்ட விதி நூலில் இவை நிலைபெற்றன.

அந்த நூலில் 20.2சி என்ற பிரிவு படிக்கத் தக்கது. வெறும் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் காணொளி காட்டினால், அது விதிமீறலாகவே இருந்தாலும் அந்தக் காணொளியைத் தள்ளிவிட வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. மணலில் மட்டை பட்டதை ஆட்டக்காரரின் கை உணர்ந்திருந்தால், யார் கண்ணுக்கும் தெரியாவிட்டாலும் அது மீறல்தான் என்று அடுத்த வரியிலேயே சேர்க்கிறது. கேமரா காண்பதைவிடக் குறைவாகவும், கை அறிந்ததை முழுதாகவும் எடுத்துக்கொள்ளும் விதி இது.

லோரி விவகாரத்தில் வாதம் இந்த இடத்தில்தான் சுழன்றது. அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் அசைவு கண்ணுக்குத் தெரிந்திருக்கும், ஆகவே வெறும் கண் சோதனைக்கு உட்பட்டதுதான் என்று ஆர் அண்ட் ஏ விளக்கியது. விதியின் எழுத்துக்கு அது சரி. ஆனால் பயிற்சி வீச்சின்போது பந்தை உற்றுப் பார்க்கிறவர் எத்தனை பேர்? ‘பார்க்க முடிந்தது’ என்பதற்கும் ‘பார்த்தார்’ என்பதற்கும் நடுவில் இரண்டு அடி விழுந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது நமக்குக் கொஞ்சம் பழகிய கேள்வி. கேமரா எல்லார் பின்னாலும் போவதில்லை. ஒரு போட்டியின் முதல் இரண்டு நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் 18 குழிகளில் சிதறி விளையாடுகிறார்கள். கோபுரக் கேமராக்களும், தோளில் கருவியோடு கூடவே நடக்கும் பதிவாளர்களும் பெரும்பாலும் முன்னணி வீரர்களையும் புகழ்பெற்றவர்களையும்தான் தொடர்கிறார்கள். அதிகாலையில் யாரும் பார்க்காமல் விளையாடுகிறவரின் பந்து அசைந்தால், அவர் சொன்னால்தான் உண்டு. வுட்ஸ் மாட்டுகிறார், எண்பதாவது இடத்தில் இருப்பவர் மாட்டுவதில்லை. தோட்டத்தில் பால் நிறுத்த காலத்தில் தராசு முள் யாருக்கு நேராக நின்றது, யாருக்குச் சாய்ந்தது என்று தகராறு செய்த தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒரே வேறுபாடு, மாட்டிக்கொள்வது பெரியவர்.

கோல்ஃப் நம்மவர்களுக்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் உண்டு. துரைமார் விளையாட்டு என்ற பெயர் இன்னும் முழுதாக விலகவில்லை. பால்மரக் காடும் செம்பனைக் காடும் அழிந்து கோல்ஃப் திடலாகவும் பங்களா வீடமைப்பாகவும் மாறியபோது லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்தால் வேறு நினைவுதான் வரும். அதே சமயம் அந்தத் திடல்களில் பை சுமக்கப் போன பையன்கள் பலர் மட்டையையும் பிடித்துப் பார்த்தார்கள். எம். ராமையா, வி. நெல்லன், பி. குணசேகரன் என்று மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் தமிழ்ப் பெயர்கள் ஒரு காலத்தில் வரிசையாக இருந்தன. பை சுமப்பவருக்குத் திடலில் ‘கேடி’ என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்தத் தலைமுறை காணொளி பார்த்துக் கற்கவில்லை. பை சுமந்து நடக்கையில் நல்ல ஆட்டக்காரரின் தோளையும் இடுப்பையும் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் ஆள் இல்லாத மூலையில் அடித்துப் பார்த்தார்கள். இன்று அந்தக் கண்ணின் வேலையைக் கைப்பேசி செய்கிறது. பயிற்றுநருக்கு மணிக்கணக்கில் பணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உண்மையில் பெரிய வரம் இது. மெதுகாட்சியில் ஒரு விநாடியை 240 படங்களாகப் பிரித்துக் காட்டும் வசதி சாதாரணக் கைப்பேசிகளிலும் வந்துவிட்டது.

ஆனால் எடுக்கத் தெரிந்து எடுக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் பிள்ளைக்குப் பின்னால் ஏதோ ஓர் இடத்தில் நின்று, தங்கள் கண் உயரத்திலிருந்து எடுக்கிறார்கள். கேமரா ஓர் அடி இடப்பக்கம் தள்ளினாலே மட்டையின் பாதை மாறித் தெரியும். இல்லாத தவறைத் திருத்தப் போய் நல்ல வீச்சு கெட்டுவிடும். பந்து போக வேண்டிய திசைக்கு நேர் பின்னால், ஆட்டக்காரரின் கைகள் இருக்கும் உயரத்தில், கைகளுக்கும் கால் விரல்களுக்கும் நேராக ஒன்று. மார்புக்கு எதிரே, திசைக்குச் செங்குத்தாக ஒன்று. இந்த இரண்டு கோணங்களும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருந்தால்தான் போன மாத வீச்சையும் இந்த மாத வீச்சையும் ஒப்பிட முடியும். கையில் பிடிப்பதைவிட முக்காலியில் நிறுத்துவது மேல். முக்காலி இல்லாவிட்டால் கோல்ஃப் பையிலேயே சாய்த்து வைக்கலாம்.

இன்னொன்று. பந்தை அடிக்கும் நொடியில் மட்டையின் தண்டு வில் மாதிரி வளைந்திருப்பதாகக் கைப்பேசிப் படம் காட்டும். பலர் அதைக் கண்டு பயந்துபோய்க் கடைக்காரரிடம் போகிறார்கள். தண்டு அவ்வளவு வளைவதில்லை. கைப்பேசியின் உணரி ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுக்காமல் வரிவரியாக எடுக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் மட்டை நகர்ந்துவிடுவதால் நேரான தண்டு வளைந்து தெரிகிறது. கேமரா பொய் சொல்லாது என்பவர்கள் இந்த ஒரு படத்தைப் பார்த்தால் போதும்.

இதே கைப்பேசிதான் இளையோர் போட்டிகளில் தகராறுக்கும் காரணமாகக் கூடும். தன் பிள்ளையின் ஆட்டத்தை எடுக்கப் போன தந்தையின் படத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தைக் காலால் தட்டுவது போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுத்த படத்தில் பந்துக்கும் காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கித் தெரியும். பந்து அசைந்ததா, புல் அசைந்ததா என்பது அதை எடுத்தவருக்கே தெரியாது. அந்தப் படம் அன்று மாலையே புலனக் குழுவில் சுற்றத் தொடங்கினால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏமாற்றுக்காரன் என்ற பெயர் வந்துவிடும். தொழில்முறை வீரர் லோரியே பெயருக்குப் பயந்து இரண்டு அடியை ஏற்றுக்கொண்டார் என்றால், பிள்ளை என்ன செய்யும்?

விதி இங்கே பெற்றோருக்கு என்ன சொல்கிறது? அடி எண்ணிக்கை ஆட்டத்தில், சந்தேகம் இருந்தால் போட்டிக் குழுவிடம் சொல்லலாம். காணொளியைக் குழு பார்க்கலாம், ஆனால் வெறும் கண் அளவுகோலுக்கு உட்பட்டுத்தான். முடிவு அறிவிக்கப்பட்டுப் போட்டி முடிந்துவிட்டால், பொதுவாக அதற்குப் பிறகு தண்டனை சேர்க்க முடியாது. ஆட்டக்காரர் தெரிந்தே தண்டனையை மறைத்தார் என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஒரு வாரம் கழித்து முகநூலில் ஏற்றும் படத்தால் கிண்ணம் கை மாறாது. பெயர் மட்டும் கெடும்.

போட்டியின்போது தந்தை எடுத்த படத்தைப் பிள்ளை பார்த்து, எந்த மட்டையை எடுப்பது, எப்படி அடிப்பது என்று முடிவு செய்வதும் கூடாது, விதி 4.3 அதைத் தடுக்கிறது. பார்வையாளர்களுக்காகத் திடலில் வைத்திருக்கும் பெரிய திரையைப் பார்த்தால் குற்றமில்லை.

பார்க்கப் போகிறவர்கள் எடுக்கலாமா என்பது வேறு விஷயம். மாஸ்டர்ஸில் கைப்பேசியை உள்ளேயே கொண்டுபோக முடியாது; பயிற்சி நாள்களில் மட்டும் கேமராவுக்கு அனுமதி. அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2011இல் கைப்பேசியை அனுமதித்து, பிறகு படம் எடுக்கவும் விட்டது. நேரலை செய்யக் கூடாது. கோலாலம்பூரில் 2023 முதல் நடக்கும் மேபேங்க் பெண்கள் போட்டிக்கோ சிங்கப்பூரின் செந்தோசா திடலில் நடக்கும் போட்டிகளுக்கோ போகிறவர்கள் நுழைவுச்சீட்டின் நிபந்தனையைப் படித்துவிட்டுப் போவது நல்லது. எதுவாக இருந்தாலும் ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கும்போது சத்தம் வரக் கூடாது.

படத்தின் உரிமை யாருக்கு என்ற சண்டையும் வளர்ந்து வருகிறது. 2025 ஜூலையில் அமெரிக்க யூடியூப் கோல்ஃபர் கிராண்ட் ஹோர்வாட் பிஜிஏ டூரின் பாரகூடா போட்டியில் விளையாட வந்த அழைப்பை மறுத்தார். தம் ஆட்டத்தைத் தாமே படம் எடுக்க விட மாட்டார்கள் என்பதுதான் காரணம். ஒளிபரப்பு உரிமையைக் கோடிக் கணக்கில் விற்றவர்கள் வேறு கேமராவைத் திடலுக்குள் விட விரும்பவில்லை. தொழில்முறைப் போட்டியில் ஆட அழைப்பு வராதா என்று ஆயிரம் பேர் காத்திருக்கும்போது, கேமரா இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒருவர் சொல்லும் காலம் வந்திருக்கிறது.

ராயல் போர்ட்ரஷில் லோரி அந்த இரண்டு அடியைச் சேர்த்துக் கையெழுத்திட்டபோது, முதல் இரண்டு நாள் கணக்கு சமநிலைக்கு வந்து நின்றது. அடுத்த இரண்டு நாள் ஆடத் தகுதி கிடைத்தது. மறுநாளும் அவர் பின்னால் கேமராக்கள் நடந்தன.